கேத வீட்டில் யார் எதைச் செய்வது: முதல் மணி நேரம் தொடங்கி பதினாறாம் நாள் வரை

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் அடுத்த கொஞ்ச நேரத்திலேயே யாராவது உங்கள் முகத்தைப் பார்த்து "அடுத்து என்னப்பா செய்யணும்?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெருவுக்கு ஒரு பெரியவர் இருந்தார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாரென்றால் பந்தல்காரர் முதல் பூக்காரர் வரை எல்லோரும் அவர் சொல்படி நடப்பார்கள், வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத அடுக்குமாடிக் குடியிருப்பில், பெங்களூரிலிருந்தோ துபாயிலிருந்தோ அவசரமாக வந்து இறங்கிய ஒரு மகனோ மகளோதான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது மதுரைக்குத் தெற்கே உள்ள ஊர்களில், புரோகிதர் இல்லாமல் ஊர் வழக்கப்படி காரியம் செய்கிற இந்துக் குடும்பங்களின் முறை. சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர், ஏன் ஒரே ஊரில் பங்காளிக்குப் பங்காளிகூட இது மாறும். ஆகவே நான் சொல்வதை அப்படியே செய்ய வேண்டும் என்று இல்லை. உங்கள் வீட்டில் மூத்த அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லாமே இதை வைத்துத்தான். சாவுச் சடங்குகளை உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உறவுக்காரர் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது தெரியும். பேரன் பேத்திக்கு நெய்ப்பந்தம், மகனுக்குக் கொள்ளிக்குடம், பிறந்த வீட்டுக்குக் கோடித்துணி, சம்பந்திக்குச் சாப்பாடு, பங்காளிக்கு நீர்மாலை, தாய்மாமனுக்குத் தலைப்பாகை. என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நிற்கும் ஆளுக்கு, நீ இவருக்கு இன்ன உறவு, உன் வேலை இது என்று சொல்லி ஓர் இடம் கொடுக்கிறது. எதைக் குறைக்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று குழப்பம் வரும்போதெல்லாம் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இடம் கொடுக்கிற சடங்கை எவ்வளவு அவசரத்திலும் விடாதீர்கள். ஒருவரைச் சிறுமைப்படுத்துகிற சடங்கை யார் என்ன சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

வீட்டிலேயே உயிர் பிரிந்திருந்தால் முதலில் ஒரு மருத்துவரை அழைத்து உறுதிசெய்யச் சொல்லி, காரணத்தையும் நேரத்தையும் எழுதிய சான்றை வாங்கிவிடுங்கள். மயானத்தில் இதைக் கேட்பார்கள். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே தருவார்கள். அரசு மருத்துவமனை என்றால் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும், அங்கேயே கேளுங்கள். விபத்து, தற்கொலை, சந்தேகத்துக்கு இடமான சாவு என்றால் போலீஸ், உடற்கூறு ஆய்வு எல்லாம் முடிந்துதான் உடல் கைக்கு வரும். அதுவரை எடுக்கிற நேரத்தை யாருக்கும் சொல்லாதீர்கள், சொல்லிவிட்டு மாற்றினால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அலைந்து போவார்கள்.

கண் தானம் செய்ய நினைத்தால் அதை முடிவு செய்ய வேண்டிய நேரமும் இதுதான். 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். கண் வங்கிக்காரர்கள் வீட்டுக்கே வந்து கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டுப் போவார்கள், முகம் பார்க்க எந்த மாற்றமும் தெரியாது. மற்ற உறுப்புகளைக் கொடுப்பது மூளைச்சாவு அடைந்தவர்கள் விஷயத்தில் மருத்துவமனையில் நடப்பது. அப்படிக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையுடன் நடத்துவது என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. மாவட்ட ஆட்சியர் வந்து மாலை வைத்து நிற்பதைப் பார்த்த பிறகு, கொடுக்கலாமா கூடாதா என்று தயங்கிய பல குடும்பங்களின் பேச்சு மாறியிருக்கிறது. சடங்குக்கு இந்த வலுவும் உண்டு.

அப்புறம் உடலைக் கவனிக்க வேண்டும். நேரம் ஆக ஆக உடல் விறைத்துவிடும் என்பதால் கண்ணை மூடுவது, தாடையைத் துணியால் கட்டுவது, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது, கைகளை நேராக்குவது எல்லாவற்றையும் உடனே செய்துவிடுங்கள். தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்து, தலைமாட்டில் ஒரு விளக்கு, பக்கத்தில் படி நிறைய நெல். நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம். குளிர்பெட்டி சொல்கிறவர்கள் அதை நடுவீட்டில் வைப்பதற்கு முன்பு, நெருங்கிய உறவுகள் ஒரு தடவை தொட்டுப் பார்க்க, கன்னத்தைத் தடவ, கால் பிடித்து அழ நேரம் கொடுங்கள். கண்ணாடி மூடிவிட்டால் பிறகு யாராலும் தொட முடியாது, அம்மாவின் கையைப் பிடிக்க முடியாத ஏக்கம் பிள்ளைகளுக்கு நாள் கணக்கில் இருக்கும்.

இந்த நேரத்திலேயே ஓர் ஆளைப் பொறுப்பாளராகப் பிடியுங்கள். கொள்ளி வைக்கப் போகிறவர் அந்த ஆளாக இருக்கக் கூடாது. மருமகனோ, மகனின் நண்பனோ, பக்கத்து வீட்டுக்காரரோ, கொஞ்சம் நிதானமானவராக இருந்தால் போதும். அவர் கையில் பணமும் ஒரு சின்ன நோட்டும் கொடுத்துவிடுங்கள். பந்தல், நாற்காலி, குளிர்பெட்டி, வண்டி, மேளம், பூ, மயானத்தில் நேரம் பதிவு எல்லாமே அவர் மூலம்தான் நடக்க வேண்டும். பெட்டிக்காரர் வந்து மகனிடம் முன்பணம் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள். இன்னொருவர், அனேகமாக ஒரு பெண், வீட்டுக்குள் இருந்துகொண்டு துணையை இழந்தவரின் மாத்திரை, பிள்ளைகளின் சாப்பாடு, வயதானவர்களுக்குத் தண்ணீர் இவற்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அழுதுகொண்டிருக்கும் அம்மா சர்க்கரை மாத்திரையை மறந்து சாயங்காலம் மயங்கி விழுவது கேத வீடுகளில் அடிக்கடி நடக்கிறது.

கேதம் சொல்வது

எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு படமும் நேரமும் போட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். சிலருக்குப் பேசித்தான் சொல்ல வேண்டும். இறந்தவர் பெண்ணாக இருந்தால் அவருடைய பிறந்த வீட்டுக்கு முதல் போன். ஆணாக இருந்தால் பங்காளிகளுக்கும், அவர் மனைவியின் அண்ணன் தம்பிகளுக்கும். பிறகு தாய்மாமன் வழி, சம்பந்திகள், கட்டிக்கொடுத்த பெண்கள். ஊர்களில் இன்றைக்கும் சொல்லாத இடத்துக்குப் போக மாட்டோம் என்று இருக்கிறவர்கள் உண்டு. ஸ்டேட்டஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்ற மனக்குறை பேரப்பிள்ளைகள் காலம் வரை வரும். போனில் ரொம்பப் பேச வேண்டாம். யார், எப்போது, எத்தனை மணிக்கு எடுக்கிறோம், எந்த வீட்டில், எந்த மயானம், இவ்வளவு போதும்.

எடுக்கிற நேரத்தை முடிவு செய்யும்போது கடைசியாக வந்து சேர வேண்டிய நெருங்கிய ஆள் யார் என்று மட்டும் பாருங்கள். மகள் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும் என்றால் காத்திருங்கள். தூரத்துச் சொந்தத்துக்காக உடலை இரண்டு நாள் வைத்திருக்க வேண்டாம்.

இஸ்லாமியர் வீட்டுக்குத் துக்கத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அடக்கம் சீக்கிரம் நடக்கும், பெரும்பாலும் அடுத்த தொழுகை நேரத்தோடு சேர்த்தே ஜனாஸா தொழுகை வைத்துவிடுவார்கள். தாமதிக்காமல் போங்கள், மாலை வாங்கிப் போக வேண்டியதில்லை.

கோடி

என்னைக் கேட்டால் எல்லாச் சடங்கிலும் பெரியது இதுதான். பிறந்த வீட்டிலிருந்து, அண்ணன் தம்பி வீட்டிலிருந்து, சம்பந்தி வீட்டிலிருந்து புதுத்துணி எடுத்து வந்து இறந்தவர் மேல் போர்த்துவது. ஊர்களில் கோடிக்காரர்கள் நேராக வீட்டுக்குள் வந்துவிட மாட்டார்கள். தெருமுனையில் நின்றுகொள்வார்கள். மேளக்காரர்கள் அங்கே போய் அவர்களை அழைத்து வருவார்கள். ஒரு தாம்பாளத்தில் சேலையும் மாலையும் தேங்காய் பழமும் இருக்கும், பின்னாலேயே பெண்கள் அழுதபடி வருவார்கள். வீட்டு வாசலில் இந்த வீட்டுப் பெண்கள் எதிர்கொண்டு கட்டிப்பிடித்து அழுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஒரு காணி நிலத்துக்காக அக்காவும் தம்பியும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அக்கா இறந்த அன்று, தம்பி வருவாரா என்று எல்லோரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் அவர் வந்து முனையில் நின்றார், கையில் கோடி. உள்ளே போகவும் இல்லை, யாரிடமும் பேசவும் இல்லை, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அக்காவின் மகனிடம் யாரோ போய்ச் சொன்னார்கள். அவன் ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து, மேளத்தைக் கூப்பிட்டுக்கொண்டு முனை வரைக்கும் தானே நடந்து போய், "வாங்க மாமா" என்றான். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை, நிலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தாம்பாளத்தை ஒரு பக்கம் மாமனும் மறுபக்கம் மருமகனும் பிடித்தபடி வந்தார்கள். பதினாறாம் நாள் அந்த மாமன்தான் அவனுக்குத் தலைப்பாகை கட்டினார். அந்தச் சடங்கு இல்லாமல் இருந்திருந்தால் அவர் எந்தச் சாக்கில் அந்தத் தெருவுக்குள் வந்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஆகவே கோடி விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். யார் யார் கோடி போட உரிமையுள்ளவர்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். யார் வந்தாலும் எதிர்கொண்டு அழைக்க வீட்டு ஆள் ஒருவர் இருக்கட்டும். சண்டைக்காரர் வந்தால் அவரை அழைத்து வரக் குடும்பத்திலேயே நெருங்கிய ஆள் போக வேண்டும், பொறுப்பாளரை அனுப்பாதீர்கள். நகரத்தில் மேளம் இல்லை, தெருமுனை இல்லை என்றால் லிஃப்ட் வாசலில் நின்று அழைத்து வாருங்கள், அதுவும் அழைப்புத்தான். துணி குவிந்து வீணாகிறதே என்று கவலைப்படுகிறவர்கள், இரண்டு மூன்று கோடிக்குமேல் வருவதை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று முன்பே சொல்லிவைக்கலாம். பல ஊர்களில் சேலைக்குப் பதிலாக மாலையோ பணமோ போதும் என்று மாற்றிக்கொண்டார்கள், அதிலும் தவறில்லை. வாங்காமல் திருப்பி அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள்.

குளிப்பாட்டிலிருந்து வாய்க்கரிசி வரை

எடுக்கிற நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இது ஆரம்பிக்கும். தென் மாவட்டங்களில் மகன்களும் பங்காளிகளும் குளம், கிணறு, இப்போது பெரும்பாலும் தெருக்குழாய், அங்கே போய்க் குளித்து, குடத்தில் நீர் எடுத்து, மேலே வெள்ளைத் துணியை நான்கு பேர் விரித்துப் பிடிக்க அதன் அடியில் நடந்து வருவார்கள். இதுதான் நீர்மாலை. அந்த நீரால்தான் உடலைக் குளிப்பாட்ட வேண்டும். எண்ணெய், சீயக்காய் தொட்டு வைப்பது, மஞ்சள், சந்தனம், திருநீறு எல்லாம் நெருங்கிய உறவுகள் வரிசையாகச் செய்வார்கள். உடற்கூறு ஆய்வு முடிந்து வந்த உடலென்றால் கட்டைப் பிரித்துக் குளிப்பாட்ட வேண்டாம், காலில் கொஞ்சம் நீர் தெளித்தால் போதும். நெற்றிக்கும் கைக்கும் சந்தனம் வையுங்கள்.

வாங்கி வைக்க வேண்டிய சாமான்களை நாட்டு மருந்துக் கடையில் "எடுக்கிற சாமான்" என்று சொன்னாலே மண்பானை, நெய்ப்பந்தக் குச்சி, சூடம், பத்தி, மஞ்சள் என்று எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பச்சரிசியும் சில்லறை நாணயமும் மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், கடைசி நேரத்தில் இரண்டையும்தான் தேடுவோம்.

நெய்ப்பந்தம் பிடிக்கும் பேரப்பிள்ளைகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று பலர் அவர்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வர மாட்டேன் என்று சொல்கிற பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அது வேறு விஷயம். ஆனால் ஏழு எட்டு வயதுக்கு மேல் உள்ள பிள்ளையிடம், தாத்தாவைச் சுற்றி விளக்குப் பிடித்து நடக்கப் போகிறாய், நான் உன் பின்னாலேயே வருவேன் என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் தைரியமாக வருவார்கள். பேத்திகளுக்கும் கொடுங்கள். பந்தத்தின் நுனியில் எண்ணெய் சொட்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வாய்க்கரிசியின்போதுதான் கூட்டம் நெருக்கும். முதலில் பெண்கள், பிறகு ஆண்கள் என்று வரிசை விட்டால் நல்லது. மயானத்துக்கு வராத பெண்களுக்கு இதுதான் கடைசிப் பார்வை, ஆகவே வண்டி வந்துவிட்டது, எரிவாயு தகன மேடையில் பதிந்த நேரம் போய்விடும் என்று யாராவது அவசரப்படுத்தினால் பொறுப்பாளர் அவரை அடக்க வேண்டும். மேடையில் பதியும் நேரத்தை அரை மணி நேரம் தள்ளிப் பதிந்துகொண்டால் இந்த நெருக்கடியே வராது.

ஒப்பாரியைத் தடுக்காதீர்கள். படித்த வீடுகளில் "சத்தம் போட்டு அழக்கூடாது, அவங்களுக்குப் பிடிக்காது" என்று ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வயதான பெண்கள் நான்கைந்து பேர் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து பாடி அழும்போது, ஒவ்வொரு புது ஆள் உள்ளே வரும்போதும் பாட்டு மாறும். மகள் வந்தால் மகளுக்கு, நாத்தனார் வந்தால் நாத்தனாருக்கு, அவரவர் உறவைச் சொல்லி, இறந்தவர் அவருக்கு என்ன செய்தார் என்று சொல்லி அழைப்பார்கள். அதுவரை கல்லாக நின்ற ஆளுக்கு அந்த ஒரு வரியில்தான் கண்ணீர் வரும். ஒலிபெருக்கியில் பதிவு செய்த சோகப் பாட்டைப் போட்டு இதை மூழ்கடிக்காதீர்கள், தயவு செய்து. பாட்டை நிறுத்திவிட்டு அந்தப் பாட்டிகளுக்குச் சூடாகக் காப்பி கொடுங்கள்.

மயானம்

அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது பல சாதிகளில் வழக்கம். மகன் இல்லாத வீட்டில் தூரத்துப் பங்காளிப் பையனைத் தேடிப்பிடித்து மொட்டையடிக்க வைக்கிறார்கள், கடைசி வரை பார்த்துக்கொண்ட மகள் வாசலோடு நின்றுவிடுகிறாள். இது நியாயமே இல்லை. மகள் கொள்ளி வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, எத்தனையோ ஊர்களில் நடந்துகொண்டும் இருக்கிறது. மகள் விரும்பினால் முந்தின நாளே, அதாவது கேதம் விழுந்த அன்றே, குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் வாயால் அதை எல்லோருக்கும் சொல்ல வைத்துவிடுங்கள். மயானத்து வாசலில் போய் விவாதிக்கிற விஷயம் இல்லை.

போகும் வழியில் பூவை உதிர்த்துத் தூவுங்கள், மாலையை அப்படியே சாலையில் எறியாதீர்கள். பின்னால் வருகிற இருசக்கர வண்டி அதில் வழுக்கி விழும். வெடியும் வேண்டாம்.

பல மயானங்களின் முகப்பில் அரிச்சந்திரன் மேடை இருக்கும், அங்கே இறக்கி வைத்து ஒரு பூசை முடித்துத்தான் உள்ளே போவார்கள். உள்ளே மகன் தோளில் நீர்க்குடத்தோடு மூன்று சுற்று வருவார், ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை விழும், கடைசியில் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகப் போட்டு உடைப்பார். எரிவாயு மேடையிலும் இதைச் செய்ய இடம் விடுவார்கள், சூடத்தை ஏற்றி நெஞ்சில் வைப்பதோடு கொள்ளி முடிந்துவிடும். சில மணி நேரத்தில் சாம்பலும் கைக்கு வந்துவிடும், ஆகவே பால் தெளிப்பை மூன்றாம் நாள் வரை தள்ள வேண்டியதில்லை.

மயானத் தொழிலாளிக்கும் பறை அடித்தவர்களுக்கும் கூலியை முதலிலேயே பேசி, முடிந்ததும் குறையாமல், கையில் கொடுங்கள். தரையில் வைப்பது, தூக்கிப் போடுவது, வயதில் மூத்தவரை ஒருமையில் கூப்பிடுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. உங்கள் அப்பாவின் கடைசி வேலையைச் செய்துகொடுத்தவர் அவர். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள், எல்லோரும் சாப்பிடும் பந்தியில் சாப்பிட வையுங்கள். ஊர் வழக்கம் என்று யாராவது சொன்னால், இந்த வீட்டில் வழக்கம் இதுதான் என்று சொல்லிவிடுங்கள். பறை அடிக்க மாட்டேன் என்று அவர்கள் சொல்லும் ஊர்களில் வற்புறுத்தவே கூடாது, அது அவர்கள் பல காலம் போராடி எடுத்த முடிவு.

இடைப்பட்ட நாட்கள்

ஆர்னல்ட் வான் கென்னப் என்ற அறிஞர் 1909இல் வாழ்க்கைச் சடங்குகளை மூன்று கட்டமாகப் பிரித்துக் காட்டினார். பழைய நிலையிலிருந்து பிரிவது, இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பது, புதிய நிலையில் திரும்பச் சேர்வது. நம் பதினாறு நாளைப் பார்த்தால் அச்சாக அப்படியே இருக்கும். சவரம் இல்லை, கோயில் இல்லை, விசேஷ வீடுகள் இல்லை, அடுப்பு எரிவதில்லை. தீட்டு என்ற சொல்லை எனக்குப் பிடிக்காது. ஆனால் இழந்தவர்களை ஊரே கொஞ்ச நாள் வேலையிலிருந்து விடுவித்து உட்கார வைக்கிற ஏற்பாடு என்று பார்த்தால் இதை விட்டுவிட மனசு வரவில்லை. அலுவலகம் மூன்று நாள் விடுப்புக் கொடுத்து நான்காம் நாள் காலை கூட்டத்துக்குக் கூப்பிடுகிற காலத்தில் இந்தப் பதினாறு நாளின் அருமை தெரிகிறது.

2020இல் கொரோனா காலத்தில் இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. தொற்றில் இறந்தவர்களைப் பல குடும்பங்களில் முகம்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த வீடுகளில் பலருக்கு அவர் போய்விட்டார் என்பதே மனதில் இறங்கவில்லை. பிறகு ஒரு வருஷம் கழித்துப் படத்திறப்போ நினைவேந்தலோ வைத்து ஊரைக் கூப்பிட்டு உட்கார்ந்து அழுதவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடன் பாக்கி இருந்தால் இப்போதும் செய்யலாம், காலம் கடந்துவிட்டது என்று ஒன்றும் இல்லை.

இந்த நாட்களில் அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வருவது சம்பந்தி, மாமன் வீட்டு முறை. யார் எந்த நாள் என்று பொறுப்பாளர் ஒரு தாளில் எழுதி வைத்தால் ஒரே நாளில் நான்கு தூக்குச் சாம்பார் வந்து மறுநாள் ஒன்றுமில்லாமல் போகாது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் போகும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் எழுந்து போவது வழக்கம், யாராவது அப்படிப் போனால் வருத்தப்படாதீர்கள்.

இறப்பைப் பதிவு செய்வதையும் இந்த நாட்களில் முடித்துவிடுங்கள். 21 நாளுக்குள் பதிய வேண்டும், தாண்டினால் அலைச்சல் கூடும். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர், நகரத்தில் மாநகராட்சி அல்லது நகராட்சி சுகாதாரப் பிரிவு. ஆதாரில் இருக்கிற எழுத்திலேயே பெயரும் இனிஷியலும் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வங்கி, ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ் எல்லா இடத்திலும் நிறுத்திவிடுவார்கள்.

பதினாறாம் நாள், அதில் செய்யக் கூடாதது

காரியம், கருமாதி, உத்தரகிரியை என்று பெயர் மாறும். யாழ்ப்பாணத்தில் எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி என்று இன்னும் நீளும். நாளைக் குறைத்து ஐந்தாம் நாளோ ஒன்பதாம் நாளோ முடிக்கிறவர்களும் நிறையப் பேர். காலையில் நீர்நிலைக்கரையில் பிண்டம் வைத்துக் காரியம் செய்வது, வீட்டில் படையல், மகன்களுக்கு மாமன் வீட்டார் தலைப்பாகை கட்டுவது, பந்தி. ஆற்றில் சாம்பல் கரைக்கும்போது பானையையும் பழைய துணியையும் பாலித்தீன் பையையும் சேர்த்து விடாதீர்கள். தாமிரபரணியும் வைகையும் ஏற்கனவே படுகிற பாடு போதும்.

சரி, இப்போது அந்த விஷயம். கணவரை இழந்த பெண்ணுக்குப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, பொட்டிட்டு, பிறகு எல்லோர் முன்னாலும் அழித்து, உடைத்து, தாலியை வாங்குவது. பதினாறாம் நாளோ அதற்கு முந்தின இரவோ செய்வார்கள். இதைச் செய்யாதீர்கள். துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது எந்த இடத்தையும் கொடுப்பதில்லை, இருந்த இடத்தைப் பறிக்கிறது. தாலியை எப்போது கழற்றுவது, கழற்றுவதா வேண்டாமா, பொட்டு வைப்பதா இல்லையா எல்லாம் அந்த அம்மாவின் விருப்பம். அவரிடம் தனியாக, மகளோ மருமகளோ, முன்கூட்டியே கேளுங்கள். செய்துவிடலாம் என்று அவரே சொன்னால், கூட்டம் இல்லாமல், அறைக்குள், அவருக்குப் பிரியமான ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்க முடித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால், எதிர்ப்புச் சொல்லும் பெரியவர்களிடம் பேச வேண்டியது மகனின் வேலை. அம்மாவைப் பேச வைக்காதீர்கள். 2023இல் ஈரோடு மாவட்டக் கோயில் ஒன்றைப் பற்றிய வழக்கில், கணவரை இழந்தவர் என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் வராமல் தடுப்பதை ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கோயிலுக்கே அப்படியென்றால், மகள் கல்யாணத்தில் முன்வரிசையில் நிற்க அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பிறந்த வீட்டிலிருந்து அவருக்கு அன்றைக்குச் சேலை வரும். வெள்ளைதான் வர வேண்டும் என்று இல்லை, அவருக்குப் பிடித்த நிறத்தில் எடுத்து வரும்படி அண்ணன் தம்பிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நான் பார்த்த வீடுகளில் இதைச் சொன்னால் மறுத்த அண்ணன் தம்பி யாரும் இல்லை, சொல்ல ஆள் இல்லாமல்தான் வெள்ளை வந்துகொண்டிருக்கிறது.

பந்தியைப் பற்றி ஒன்று. கடன் வாங்கிக் கறிவிருந்து போடாதீர்கள். வருகிறவர்கள் எழுதும் மொய்யை எதிர்பார்த்துச் செலவை ஏற்றுகிற பழக்கமும் சில ஊர்களில் வந்துவிட்டது, அதற்குப் போகாதீர்கள். முதல் நாளிலிருந்து யார் கோடி போட்டார், யார் சாப்பாடு கொண்டு வந்தார், யார் பணம் எழுதினார் எல்லாம் பொறுப்பாளரின் நோட்டில் இருக்கும். அன்று சாயங்காலம், உறவுகள் கலைவதற்கு முன்னால், பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பார்த்து, யார் எவ்வளவு பங்கு என்று முடித்துவிடுங்கள். அன்றைக்கு விட்டால் அண்ணன் தம்பிக்குள் அதுவே ஒரு பேச்சாகிவிடும். நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டில் ஒன்று நடக்கும்போது நாம் யாராகப் போய் நிற்க வேண்டும் என்பது அதில்தான் எழுதியிருக்கும்.